பச்சைக் கோடு, சிவப்புக் கோடு: உறைந்த ஏரியில் மீன் தேடுவது எப்படி?

அமெரிக்காவில் நான் இருக்கும் மின்னசோட்டா மாநிலத்தில், குளிர்காலம் வந்தா ஏரியெல்லாம் உறைஞ்சு போயிடும். ஐஸ்ல ஒரு சாண் அகலத்துக்குத் துளை போட்டு, அதுக்குள்ள தூண்டிலை இறக்குவாங்க. கீழே என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. அதனால பலர் பக்கத்துல ஒரு வட்டத் திரை வெச்ச டப்பா இருக்கும். அதுக்குப் பேர் ஃப்ளாஷர். ஒரு வகை சோனார்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். அதில் தெரியறது மீனோட படம் இல்லை, எதிரொலி. தண்ணிக்குள்ள தொங்கும் டிரான்ஸ்டியூசர் கீழ்நோக்கி ஒலியை அனுப்பும். உறையும் குளிரில் இருக்கும் ஏரித் தண்ணியில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,400 மீட்டர் போகும். அது திரும்பி வர ஆகும் நேரத்தை வெச்சு ஆழத்தைக் கணக்கிடும். எதிரொலியோட பலத்தை நிறம் காட்டும். பல மாடல்களில் பச்சைன்னா பலவீனம், சிவப்புன்னா பலம்.

புதுசா வர்றவங்க, பச்சைன்னா சின்ன மீன், சிவப்புன்னா பெரிய மீன்னு நினைச்சுடுவாங்க. அப்படி இல்லை. ஒலி கூம்பு மாதிரி விரியுது. 20 டிகிரி கூம்புன்னா, 10 மீட்டர் ஆழத்தில் அதோட அகலம் சுமார் மூன்றரை மீட்டர். பெரிய மீனே ஓரத்தில் நின்னா பச்சையாத் தெரியலாம். அந்தப் பச்சை மெல்லச் சிவப்பா மாறினா, மீன் துளைக்கு நேர் கீழே வந்துட்டிருக்கு. உங்க தூண்டிலும் ஒரு கோடாத் தெரியும். அதை மீனுக்குக் கொஞ்சம் மேலேயே வெச்சு ஆட்டுங்க. மீன் கோடு எழும்பி வந்தா, அதுக்கு ஆசை வந்துடுச்சுன்னு அர்த்தம்.

ஆனா நான் முதலில் பார்ப்பது நிறத்தை இல்லை, ஆழத்தை. க்ராப்பி மாதிரி மீனை 9 மீட்டருக்குக் கீழேயிருந்து இழுத்தா, தண்ணியோட அழுத்தம் சட்டுன்னு குறையும். வயித்துக்குள்ள இருக்கும் காற்றுப்பை உப்பிடும். சிறுசுதானேன்னு திருப்பி விட்டாலும் பல மீன்கள் பிழைக்காது. இத்தனைக்கும், மீன் திரையில் பளிச்சுன்னு தெரியக் காரணமே அந்தக் காற்றுப்பைதான். ஒலியை நல்லாத் திருப்பி அனுப்புறது அதுதான்.

அதனால ஆழத்தில் கூட்டமாச் சிவப்பு தெரிஞ்சா, அன்னிக்குச் சமையலுக்கு எத்தனை வேணுமோ அத்தனையோட நிறுத்திடுவேன். பிடிச்சு விடுறதுதான் திட்டம்னா, ஆழம் கம்மியான இடத்தில் வேற துளை போடுவேன். மீன் எங்கே இருக்குன்னு மெஷின் சொல்லிடும். தூண்டிலை இறக்கலாமா வேண்டாமான்னு நாமதான் முடிவு பண்ணணும்.