முதுமையில் மருத்துவம்: மும்பைத் தமிழர் நிலை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் முதியோர் உடல்நலக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நாம் மொழியைப் பற்றிப் பேசியிருக்கிறோம். குடிசை இடிப்பைப் பற்றி, குடிநீர்க் குழாயைப் பற்றி, வாக்காளர் பட்டியலில் நம் பெயர்கள் விடுபட்டதைப் பற்றியெல்லாம் பேசியிருக்கிறோம். மாலை போட்டோம், தீர்மானம் போட்டோம். ஆனால் மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்து, கூட்டம் முடியும்வரை முழங்காலைத் தடவிக்கொண்டே இருக்கிறார்களே, அந்தப் பெரியவர்களைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அந்தக் குறை நம்முடையது. அதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

ஓராண்டாக நம் குழுவினர் தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் முதியவர்களோடு மருத்துவமனைக்குப் போய் வருகிறோம். கண்டதைச் சொல்கிறோம்.

மாட்டுங்காவில் நாற்பது ஆண்டுகள் வீட்டுவேலை செய்த ஓர் அம்மா. திருநெல்வேலிப் பக்கம். சர்க்கரை வியாதி. காலில் மரமரப்பு, இரவில் உள்ளங்கால் எரிச்சல். மருத்துவமனைக்குப் பேரனை அழைத்துக்கொண்டு போவார். பேரனுக்கு வயது பதினொன்று. டாக்டர் இந்தியில் கேட்பார், பேரன் "பாட்டிக்குக் கால் வலி" என்று சொல்வான். அவனுக்குத் தெரிந்த சொல் 'தர்த்' ஒன்றுதான். வலி என்றால் வலி மாத்திரை. இரண்டு ஆண்டுகள் அந்த மாத்திரையைத் தின்றார். ஒரு நாள் செருப்புக்குள் கிடந்த கல் காலைக் கிழித்தது. அவருக்குத் தெரியவில்லை. மரத்த காலுக்கு எப்படித் தெரியும்? புண் பெரிதாகி, நாற்றம் எடுத்த பிறகுதான் வீட்டில் கண்டார்கள். இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

இதில் யாரைக் குறை சொல்வது? வரிசையில் நூறு பேர் நிற்கும்போது ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கும் டாக்டரையா? பதினொரு வயதுப் பிள்ளையையா? அந்தத் தாய்க்குப் பக்கத்துச் சாலில் நம் சங்கத்து உறுப்பினர்கள் ஏழெட்டுப் பேர் குடியிருந்தார்கள். நன்றாக இந்தி பேசுவார்கள், மராத்தியும் பேசுவார்கள். ஒருவரும் ஒரு நாளும் கூடப் போகவில்லை.

தோழர்களே, நோவைச் சொல்ல நம் மொழியில் எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, விறுவிறுப்பு, மதமதப்பு, பாரம், அடைப்பு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய்க்குத் தடம் காட்டும். நெஞ்சில் 'குத்துகிறது' என்பதும் 'பாறாங்கல்லை வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது' என்பதும் ஒன்றல்ல. பின்னதைச் சொன்னால் டாக்டர் உடனே இதயத்தைப் பார்ப்பார். எல்லாவற்றையும் 'தர்த்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ஆகவே சில இந்திச் சொற்களை இங்கேயே கற்றுக்கொள்வோம். எரிச்சலுக்கு 'ஜலன்'. மரத்துப்போவதற்கு 'சுன்'. ஊசி குத்துவதுபோல் விறுவிறுப்புக்கு 'ஜுன்ஜுனி'. தலைச்சுற்றலுக்கு 'சக்கர்'. இந்தித் திணிப்பை எதிர்த்த நாமா இந்தி வகுப்பு நடத்துவது என்று சில தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். திணிப்பை எதிர்ப்பது வேறு, பிழைக்க வந்த ஊரில் உயிர் பிழைப்பது வேறு.

இன்னொரு பெரியவர் கதை. இரத்த அழுத்தம். நகராட்சி மருத்துவமனையில் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அங்கே ஒரு டாக்டர் வேறு பெயரில் ஒன்று எழுதினார். திரும்பி வந்து இரண்டையும் விழுங்கினார். இரண்டு பெயரானாலும் உள்ளே இருந்த மருந்து ஒன்றுதான், அம்லோடிபின். அளவு கூடினால் அது கணுக்காலை வீங்க வைக்கும், வீங்கியது. வீக்கத்துக்கு மூன்றாவது டாக்டரிடம் போனார். முந்தைய சீட்டுகள் எதையும் காட்டவில்லை. அவர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். இரவெல்லாம் சிறுநீர், எழுந்தால் கிறுகிறுப்பு. பொதுக் கழிப்பறைக்குப் போகும் வழியில், விளக்கில்லாத சந்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நோய் ஒன்று, மருந்தால் வந்த நோய் மூன்று!

இதற்கு மருந்து நம்மிடமே இருக்கிறது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுக்கும் மஞ்சள் பை எல்லார் வீட்டிலும் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து, வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள், மருந்துச் சீட்டுகள், கேஸ் பேப்பர்கள், சோதனை முடிவுகள் அத்தனையையும் போடுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பையை மேசைமேல் கவிழ்த்துக் காட்டுங்கள். நாட்டு மருந்தும் இலேகியமும்கூட அதில் இருக்கட்டும், கூச்சம் வேண்டாம். "இதில் எதை நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். மாத்திரையைக் கூட்டச் சொல்லி மன்றாடுகிறோமே தவிர, குறைக்க முடியுமா என்று கேட்பதே இல்லை. ஆனால் நாமாக நிறுத்தக் கூடாது. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று பி.பி. மாத்திரையை விட்டவர்கள் பக்கவாதத்தில் படுத்ததை நாம் பார்த்திருக்கிறோம். மாத்திரை வேலை செய்ததால்தான் நன்றாக இருந்தார்கள்.

வலி மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டை தூக்கிய முதுகு, தோல் பதனிடும் தொட்டியில் குனிந்த முதுகு, தையல் மெஷினில் வளைந்த முதுகு வலிக்கத்தான் செய்யும். அதற்குக் கடையில் சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ வாங்கி, மிட்டாய்போல் தின்கிறோம். தொடர்ந்து தின்றால் இவை வயிற்றில் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரையும் அழுத்தமும் உள்ள முதியவருக்கு ஆபத்து இரட்டிப்பு. பிறகு வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு ஓடும்போது முதுகுவலி பெரிய வலியாகத் தெரியாது.

சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதும் அப்படியே. வெள்ளிக்கிழமை விரதம், நோன்பு, அல்லது மருமகள் வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருத்தல். கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரைகள் முதியவர்களுக்குச் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு உளறும். "கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். நினைவிருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

சரி, பணத்துக்கு எங்கே போவது? இது அரசியல் கேள்வி. நம் பெரியவர்கள் மருத்துவமனை வாசலில் பிச்சைக்காரர்போல் கைகட்டி நிற்கிறார்கள். ஏன் நிற்க வேண்டும்? இந்த நகரத்தின் தோலும் துணியும் துறைமுகமும் அவர்கள் கையால் நடந்தவை. மருத்துவம் என்பது அவர்களுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்த கூலி.

1982 ஜனவரி 18 அன்று இந்த நகரத்தில் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை இலட்சம் தொழிலாளர்கள். திரும்பி வேலைக்குப் போகாதவர்கள் பலர். அவர்களில் நம்மவர்களும் உண்டு. மில் போயிற்று, மில்லோடு இ.எஸ்.ஐ. அட்டையும் போயிற்று. ஐந்தாண்டுகளாவது காப்பீட்டில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், மாதம் 10 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 120 ரூபாய் முன்பணம் கட்டினால் தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவம் பெறலாம் என்று இ.எஸ்.ஐ. விதிகளில் ஏற்பாடு செய்தார்கள். ஒழுங்காக ஓய்வு பெற்றும் இது தெரியாமல் கடன் வாங்கி வைத்தியம் பார்த்தவர்களை நாம் சந்தித்தோம். வேலைநிறுத்தத்தில் வெளியேறியவருக்கும், இ.எஸ்.ஐ. என்ற பெயரையே கேட்டிராத வீட்டுவேலைப் பெண்ணுக்கும் இந்த ஏற்பாட்டில் இடமில்லை.

அவர்களுக்கு என்ன உண்டு? ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 செப்டம்பரில் வந்தது. 2024 அக்டோபர் 29 முதல் 70 வயது நிறைந்த எல்லாருக்கும் வருமானம் பாராமல் விரிவாக்கினார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய். ஒரு மாநிலத்தில் எடுத்த அட்டை வேறு மாநிலத்தில், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் செல்லும். நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தோருக்கு இது பெரிய காரியம். ஆனால் இரண்டு முட்கள் உண்டு. ஒன்று, படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். மாதாமாதம் தின்னும் மாத்திரைக்குக் காசு கிடையாது. முதியவரின் செலவோ மாத்திரையில்தான் கரைகிறது. இன்னொன்று, வயதை ஆதார் சொல்ல வேண்டும். நம் பெரியவர்களில் பலருக்குப் பிறந்த தேதியே தெரியாது. "இடும்பன் கோவில் கொடைக்கு முந்தின வருஷம் பிறந்தேன்" என்றால் கம்ப்யூட்டருக்குப் புரியுமா? குத்துமதிப்பாக ஜனவரி 1 என்று போட்டு, எழுபத்திரண்டு வயதுக்காரரை அறுபத்தாறு ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

எழுபதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டம் இருக்கிறது. அதற்கு இந்த மாநில ரேஷன் அட்டையோ குடியிருப்புச் சான்றோ கேட்பார்கள். நம்மில் பாதிப்பேர் ரேஷன் அட்டையை ஊரிலேயே வைத்திருக்கிறோம், என்றைக்காவது திரும்பிப் போவோம் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தார்கள். ஊரில் இருக்கும் அக்காவுக்கு மாத்திரை வாசலுக்கு வருகிறது. இங்கிருக்கும் தம்பி விடியற்காலை ஐந்து மணிக்கு வரிசையில் நிற்கிறார். திரும்பிப் போவது யார், இங்கேயே இருந்து முடிவது யார் என்று ஒவ்வொரு குடும்பமும் கூடிப் பேசி, அதற்கேற்ப அட்டையை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மாத்திரைச் செலவுக்கு 2008 முதல் மக்கள் மருந்தகங்கள் உண்டு. இங்கே 'ஜன் ஔஷதி' என்று பலகை இருக்கும். கம்பெனிப் பெயரில் வாங்குவதைவிடப் பாதி விலைக்கும் கீழே பல மருந்துகள் கிடைக்கின்றன. சீட்டில் மருந்தின் பெயரையே எழுதித் தரும்படி டாக்டரைக் கேளுங்கள்.

தனியார் அறக்கட்டளை மருத்துவமனைகளைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். பளிங்குத் தரை, குளிர்சாதனம். ஆனால் 2006இல் மும்பை உயர்நீதிமன்றம் ஏற்படுத்திய திட்டப்படி இவற்றில் 10 விழுக்காடு படுக்கை பரம ஏழைகளுக்கு இலவசம். மேலும் 10 விழுக்காடு நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணம். அவசர நோயாளியை முன்பணம் கேட்காமல் சேர்க்கவும் வேண்டும். தனியாகப் போய்க் கேட்டால் "படுக்கை நிரம்பிவிட்டது" என்பார்கள். நம் குழுவுக்கும் ஓரிடத்தில் அதே பதில்தான். மறுநாள் நான்கு பேராக, எழுத்து மூலம் விண்ணப்பத்தோடு போனோம். படுக்கை காலியானது.

அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை அமைக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 20ஆம் பிரிவில் சொல்கிறது. வரிசை இல்லாத இடத்தில் சண்டை போடாமல், பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண்ணைச் சொன்னால் கவுண்டர்காரர் நிமிர்ந்து பார்க்கிறார். இது அனுபவம். முதியோர் உதவிக்கு 14567 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

சில பெரியவர்கள் நம்மிடம், "இந்த வயதில் எதற்கப்பா வைத்தியம், பிள்ளைகளுக்குச் செலவு" என்கிறார்கள். பெண்கள் இன்னும் அதிகம் சொல்கிறார்கள். கண்ணில் புரை விழுந்து, அரிசியில் கல் பொறுக்க முடியாமல் மருமகளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாயை வற்புறுத்தி அழைத்துப் போனோம். புரை அறுவைக்கு அரசு செலவிலேயே 1976 முதல் தேசியத் திட்டம் நடந்து வருகிறது. கட்டு அவிழ்த்த மறுநாள் அவர் சொன்னது: "வீட்டுச் சுவர் இவ்வளவு அழுக்கா இருக்கே, ஒருத்தரும் சொல்லலியே." இப்போது மருமகள் திட்டு வாங்குகிறாள்!

கடைசியாக ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறோம். செவ்வாய், வெள்ளி காலை ஆறு மணிக்குச் சங்க வாசலில் இரண்டு இளைஞர்கள் இருப்பார்கள். மருத்துவமனைக்குப் போகிறவர்களோடு துணைக்கு வருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துப் போக வேண்டாம். இரவுப்பணி பார்க்கும் தோழர்கள் மாதம் ஒரு காலையாவது தர வேண்டும். இதுவரை பெயர் கொடுத்தவர்கள் போதாது. கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போடுகிறோம். ஆதாரில் வயது தவறாக உள்ளவர்கள் பழைய பள்ளிச் சான்று, வேலை அட்டை என்று எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு வந்து காட்டுங்கள். மஞ்சள் பை கொண்டு வந்தவர்கள் முதலில் வரலாம். தேநீர் இருக்கிறது, சர்க்கரை போட்டது ஒரு பாத்திரம், போடாதது ஒரு பாத்திரம்.