அவர் மாதிரி வருமா?



இரவு 9.30 மணிக்கு முன்பே ஜெபமாலையை அவசரமாக முடித்துவிட்டு, தொலைக்காட்சி முன் அமர்ந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 2022-இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரைத்தான் சொல்கிறேன். வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் ஆதி குணசேகரனாக அதில் நடித்தவர் ஜி. மாரிமுத்து. நமக்குப் பக்கத்துத் தேனி மாவட்டம், பசுமலைத்தேரி அவர் ஊர். குணசேகரனை எல்லாரும் வெறுத்தார்கள்; மாரிமுத்துவை எல்லாரும் நேசித்தார்கள். வேடம் வேறு, ஆள் வேறு என்று பிரித்துப் பார்க்க நம் மக்களுக்குத் தெரிந்திருந்தது.

2023 செப்டம்பர் 8 அன்று, தொடருக்குக் குரல் கொடுக்கச் சென்ற இடத்தில் நெஞ்சுவலி வந்து, அவர் இறந்தார். சொந்த வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் பலர் கலங்கினார்கள். அடுத்து அந்த வேடத்துக்கு யார் என்ற விவாதம் டீக்கடையிலும் கைபேசியிலும் சூடுபிடித்தது. வந்தவர் வேல ராமமூர்த்தி. பெருநாழிக்காரர், ‘குற்றப் பரம்பரை’ நாவலை எழுதியவர். ஆனால் அவர் தோன்றிய நாள் முதல் பலரிடம் இருந்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: “என்ன இருந்தாலும் அவர் மாதிரி வருமா?”

நடிப்பை எடைபோடுவது பாவம் அல்ல. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் தம் பாலர் நாடக சபையைத் தொடங்கிய ஊர் நம் மதுரை. நல்ல நடிப்பு எது, சுமாரான நடிப்பு எது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. இழந்தவரை நினைத்து அழுவதும் குற்றமில்லை. ஆனால் அந்தத் துக்கத்தையே கல்லாக்கி, அடுத்து வந்தவர்மேல் எறியலாமா?

எஸ்ரா நூல் மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமில் புதிய ஆலயத்துக்கு அடித்தளம் இடுகிறார்கள். இளையோர் ஆர்ப்பரிக்கிறார்கள். பழைய ஆலயத்தைக் கண்ணால் கண்ட முதியோரோ ஓவென்று அழுகிறார்கள். எது அழுகை, எது மகிழ்ச்சி என்று பிரிக்க முடியவில்லை. பின்னர் இறைவாக்கினர் ஆகாய் வழியாக ஆண்டவர் பேசுகிறார். பழையதை மறந்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மனந்தளராமல் வேலையைச் செய்யுங்கள், நான் உங்களோடு இருக்கிறேன் என்கிறார். பழையதன் நினைவு புதியதன் கையைக் கட்டிவிடக் கூடாது என்பதே அதன் பொருள்.

இன்னொன்று. நற்செய்தியில் இயேசு ‘வெளிவேடக்காரரே’ என்று கடிந்துகொள்ளும் இடங்களில் உள்ள கிரேக்கச் சொல், முதலில் மேடை நடிகரைக் குறித்த சொல். நடிகர் வேலை முடிந்ததும் ஒப்பனையைக் கலைத்துவிடுகிறார். ஆனால் புனைபெயருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, ஒரு நடிகையின் நிறத்தையும் உடலையும் கேலி செய்து எழுதுகிறாரே, அவர் தம் வேடத்தை எப்போது கலைப்பார்?

இது தொலைக்காட்சியோடு முடிகிற காரியமும் அல்ல. தாய் இறந்த வீட்டுக்குச் சித்தியாக வருகிற பெண்ணைக் கேளுங்கள். முதல் நாள் ரசத்திலிருந்தே அவளுக்குத் தேர்வு ஆரம்பம். மூத்த மருமகளுக்குப் பின் வந்த இளைய மருமகள், நல்ல ஆசிரியருக்குப் பின் வந்த புது ஆசிரியர், ஏன், “பழைய சாமி மாதிரி இல்லையே” என்று கேட்டுக்கொண்டே பூசை வைக்கிற புதுச் சாமியார் – எல்லாரும் இன்னொருவரின் நிழலில்தான் நிற்கிறார்கள். கடவுள் யாரையும் இன்னொருவரின் நகலாகப் படைக்கவில்லை. மோசேக்குப் பின் வந்த யோசுவாவை இரண்டாவது மோசேயாக இருக்கும்படி அவர் கேட்கவும் இல்லை.

எனவே கே.கே. நகர்ப் பங்கு மக்களே, இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில், தெருவில், வேலையிடத்தில் ஒருவருடைய இடத்துக்குப் புதிதாக வந்திருப்பவர் யார் என்று பாருங்கள். முன்பிருந்தவர் பேச்சை எடுக்காமல், அவர் செய்த ஒரு நல்ல காரியத்தை அவரிடமே சொல்லுங்கள். கருத்து எழுதுகிற பிள்ளைகளே, அந்த நடிகரின் மகளோ மகனோ எதிரில் அமர்ந்திருந்தால் சொல்ல முடியாத சொல்லை எழுதாதீர்கள்.

ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.