ஊர் மண்டபமும் ஊரார் கணக்கும்



மண்டபம் எழுப்புதலினும் அதனைப் பேணுதலே அரிது. அடியேன் இளமையிற் கண்ட ஊர்ச்சாவடி ஒன்றன் திறவுகோலை முப்பதாண்டு ஒருவரே வைத்திருந்தார். நல்லவர்; பொதுப்பணத்தில் ஒரு காசும் தொட்டறியார். அவர் மறைந்தபின், சாவடிக்குரிய நிலத்தின் குத்தகைச்சீட்டு எங்குளதென அறிவார் இலர். ஓடுகள் சரிந்தன, ஆடு கட்டும் இடமாயிற்று.

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில், முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆம் ஆண்டின, உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பெற்றது. பெயரோலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். வாரியப் பதவி 360 நாளே. பணியாற்றியவர் மூன்றாண்டு கழியாமல் மீண்டும் வருதல் இயலாது. கணக்குக் காட்டாதொழிந்தாரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்கே உரியரல்லர். நிலமும் வேதக்கல்வியும் உடையார்க்கே அன்று இடமிருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. அவ்வரம்பு நமக்கு வேண்டா. கணக்கின் கண்டிப்பே வேண்டும்.

ஆதலின் இப்புதிய மண்டபத்துக்குப் பொருளீந்த அன்பர்களை வேண்டுவது: திறவுகோல் இருவரிடம் இருக்கட்டும். பொறுப்பாளர் ஆண்டுதோறும் மாறட்டும். வரவுசெலவு மண்டபச் சுவரிலேயே ஒட்டப்பெறட்டும். வெள்ளையடிக்கவும் ஒழுக்கடைக்கவும் ஒரு தொகையை இன்றே ஒதுக்குக.