கல்யாண மேக்கப்புக்கு முன்னாடி உங்க கையைப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

முகூர்த்த சீசன் வந்தாச்சு. கொஞ்ச நாளா மெசேஜ்ல ஒரே கேள்விதான்: "அக்கா, கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கு, முகத்துக்கு என்ன போடட்டும்?" இன்னைக்கு அதுக்குப் பதில் சொல்றேன். ஆனா என்ன போடணும்ங்கறதுக்கு முன்னாடி, எது உங்களுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுக்கணும். அது ஏன் முக்கியம்னு எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயத்தை வச்சே சொல்றேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆம்பூர். வெளியூர்க்காரங்களுக்கு ஆம்பூர்னா பிரியாணி. எங்களுக்கு ஆம்பூர்னா காலையில தெருமுனையில வந்து நிக்கற கம்பெனி பஸ். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு இந்தப் பக்கம் தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும்தான் நிறைய வீட்டுக்குச் சோறு போடுது. ஷூ கம்பெனிகள்ல வேலை செய்யறவங்க பெரும்பாலும் பொண்ணுங்க. என் சித்தி பொண்ணும் அப்படித்தான். ஷூவோட மேல் பாகத்துக்குப் பசை தடவி, மடிச்சு ஒட்டற வேலை. அவ சம்மதத்தோடதான் இதைச் சொல்றேன், பேர் மட்டும் வேணாம்.

அவளுக்கு ரெண்டு வருஷமா விரல் நுனியெல்லாம் வறண்டு வெடிச்சு அரிக்கும். பொங்கல் லீவு விட்டா குறையும், வேலைக்குப் போனா திரும்ப வரும். "கம்பெனி வேலைன்னா கை அப்படித்தான் இருக்கும்"னு எல்லாரும் விட்டுட்டோம். தேங்காய் எண்ணெய் தடவிட்டு அடுத்த நாள் பஸ் ஏறிடுவா.

நிச்சயதார்த்தம் வந்துச்சு. பார்லர்ல மேக்கப். நெத்தியில கல் வச்ச பெரிய ஸ்டிக்கர் பொட்டு. அன்னைக்கு ஒண்ணும் ஆகல, போட்டோ எல்லாம் சூப்பர். ரெண்டாம் நாள் காலையில பார்த்தா நெத்தி நடுவுல அந்தப் பொட்டு இருந்த இடம் மட்டும் சிவந்து, பொடிப் பொடியா கொப்புளம். கல்யாணத்துக்கு அப்போ சரியா மூணு மாசம்.

முகத்துக்குப் போனா கையைக் கேட்டாங்க

சித்தி பார்லர்காரம்மாகிட்ட சண்டைக்கே கிளம்பிட்டாங்க. அவங்களைச் சமாதானம் பண்ணி, வேலூர்ல ஒரு தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அந்த டாக்டரம்மா நெத்தியைப் பார்த்துட்டு உடனே கேட்டது: "கையைக் காட்டும்மா. என்ன வேலை செய்யற?"

அப்புறம் பேட்ச் டெஸ்ட் எடுத்தாங்க. முதுகுல வரிசையா சின்னச் சின்னப் பொருட்களை ஒட்டி, ரெண்டு நாள் அப்படியே விடுவாங்க. குளிக்கும்போது முதுகு நனையக் கூடாது. அதை எடுத்துட்டு ஒரு தடவை பார்ப்பாங்க. மறுபடியும் ரெண்டு நாள் கழிச்சு ஒரு தடவை பார்ப்பாங்க. எந்த இடம் சிவக்குதோ அதுதான் உங்க எதிரி.

அவளுக்குச் சிவந்தது ஒரு பிசின். பேர் கொஞ்சம் நீளம்: பாரா டெர்ஷரி பியூட்டைல் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு ரெசின். ஷூ ஒட்டற நியோபிரீன் பசையில இது இருக்கும். ஸ்டிக்கர் பொட்டுப் பசையிலயும் இதே குடும்பத்துப் பொருள் இருக்கலாம். பொட்டுப் பசையில இருக்கற இந்த ஃபீனாலால நெத்தியில நிறம் போகுதுன்னு நம்ம நாட்டு டாக்டர்களே 1990ல எழுதியிருக்காங்க. ஆக, ரெண்டு வருஷமா அவ கை சொல்லிட்டிருந்ததைத்தான் நிச்சயதார்த்தத்துல நெத்தி சொல்லியிருக்கு. பார்லர்காரம்மா மேல தப்பே இல்ல.

இங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். தோல் ஷாப்புக்கு வர்ற ஆட்டுத் தோலை டிரம்முல போட்டு குரோம் ஏத்திட்டா முடிஞ்சுது. அது உயிரில்லாத தோல், அதுக்கு மேல என்ன கோட்டிங் அடிச்சாலும் எதிர்த்துப் பேசாது. நம்ம தோல் அப்படி இல்ல. அதுக்கு ஞாபகசக்தி உண்டு. ஒரு பொருளை ஒரு தடவை எதிரின்னு முடிவு பண்ணிட்டா, பல வருஷம் கழிச்சு வேற இடத்துல பட்டாக்கூட கண்டுபிடிச்சிடும். அதுவும் உடனே காட்டாது. ஒரு நாள், ரெண்டு நாள், சில சமயம் மூணு நாள் எடுத்துக்கும்.

அதனாலதான் காலையில மேக்கப் ட்ரயல் பார்த்துட்டு சாயங்காலமே "எனக்கு ஒத்துக்கிச்சு"ன்னு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. மூணு நாள் விட்டுப் பாருங்க.

நெத்தியில ஒரு வெளிர் புள்ளி

சிவப்பு ஆறிடுச்சு. ஆனா அந்த இடத்துல பயறு அளவுக்கு ஒரு வெளிர் புள்ளி நின்னுடுச்சு. வீட்டுல உண்மையான பயம் அப்பதான் வந்துச்சு. எங்க ஆயா கேட்ட முதல் கேள்வி: "கரிகிரிக்குக் காட்டினீங்களா?" வேலூர் பக்கத்துக்காரங்களுக்கு இது புரியும். கரிகிரியில 1955ல இருந்து தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கு. ஆயா கேட்டது தப்பே இல்ல. உணர்ச்சி இல்லாத வெளிர் திட்டு எங்க இருந்தாலும் கட்டாயம் காட்டணும், தொழுநோய் மருந்துல குணமாகற நோய். இவளுக்கு டாக்டர் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி நல்லா இருக்கு, பசையால நிறம் போயிருக்குன்னு சொல்லிட்டாங்க. நிறம் திரும்ப வரலாம், மாசக்கணக்காகும், வராமலும் போகலாம்னாங்க.

சித்தி சொன்னது: "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேணாம். அன்னைக்கு ஃபவுண்டேஷன் போட்டு மறைச்சிடலாம்." அவ ஒத்துக்கல. "அன்னைக்கு மறைச்சிடலாம்மா, அடுத்த நாள் காலையில முகம் கழுவணுமே"ன்னா. அவளே அவர்கிட்ட போன்ல சொன்னா. அவரும் தோல் ஷாப்புல வேலை பார்க்கறவர்தான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "என் கால்லயும் பூட்ஸ் உரசற இடத்துல கரப்பான் இருக்கு, யார்கிட்டயும் சொன்னதில்ல"ன்னாராம்.

கடைசி நேர "க்ளோ" க்ரீம்

இந்த மூணு மாசத்துல வந்த இலவச ஆலோசனைல பாதி ஒரே க்ரீம்தான். மெடிக்கல்ல கேட்டா சீட்டு இல்லாமலே தருவாங்க, பத்தே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆயிடும். ஆகும். ஏன்னா அதுல ஸ்டீராய்டு இருக்கு. நிறுத்தினா சிவப்பு, எரிச்சல், பரு எல்லாம் சேர்ந்து திரும்ப வரும். தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சு, ரத்த நாளம் வெளியே தெரியும், முடி வளரும்.

2011ல வந்த ஒரு ஆய்வு சொல்றேன். இந்தியாவுல 12 மையங்கள்ல முகப் பிரச்சினைக்கு வந்த 2926 பேரைப் பார்த்தாங்க. அதுல 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு க்ரீம் போட்டுட்டிருந்தாங்க. அந்த 433ல 126 பேர் அதை வெறும் சிவப்பழகு க்ரீமாவோ, பொது க்ரீமாவோ, ஷேவிங்குக்கு அப்புறமோ போட்டவங்க. யார் கொடுத்தாலும் ட்யூபைத் திருப்பிப் படிங்க. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன்னு இருந்தா டாக்டர் சொல்லாம தொடாதீங்க. ஏற்கனவே போட்டுட்டிருந்தா திடீர்னு நிறுத்தாம டாக்டர்கிட்ட போங்க. லேபிளே இல்லாத டப்பா க்ரீம்னா கையிலயே எடுக்காதீங்க, பாதரசம் இருக்கலாம்.

சரி, எப்போ என்ன பண்ணலாம்?

மூணு மாசம் முன்னாடி: பரு, மங்கு, கரப்பான் எது இருந்தாலும் தோல் டாக்டர். மேல்தோல் புதுசாக சுமார் 4 வாரம் ஆகும், அதனால எந்தச் சிகிச்சைக்கும் அவகாசம் வேணும். தினசரிக்கு மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போதும். எங்க ஊர் வெயிலுக்கு அந்த மூணாவது முக்கியம்.

ஒரு மாசம் முன்னாடி: மேக்கப் ட்ரயல். புதுசா எது வாங்கினாலும் முழங்கை உள்பக்கம் சின்ன இடத்துல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, 7 முதல் 10 நாள் தடவிப் பாருங்க. நலங்கு மஞ்சளும் இதுல சேர்த்திதான். கையில அலர்ஜி இருக்கறவங்க ஆர்ட்டிஸ்ட்கிட்ட வேலையைச் சொல்லுங்க. ஷூ பசையில ரப்பர் லேட்டக்ஸும் உண்டு, பல ஒட்டு இமைப் பசையிலயும் அது இருக்கு. லேட்டக்ஸ் இல்லாததுன்னு கேட்டு வாங்கலாம்.

கடைசி ரெண்டு வாரம்: புது ஃபேஷியல், ப்ளீச், பீல் எதுவும் வேணாம். ரெட்டினால் போடறவங்க த்ரெட்டிங், வாக்ஸிங்குக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க. த்ரெட்டிங்கை ரெண்டு மூணு நாள் முன்னாடி முடிச்சிடுங்க. மெஹந்தி ஆரஞ்சாத்தான் ஆரம்பிக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல கருஞ்சிவப்பா மாறும். ஒரு மணி நேரத்துல கரியா கறுக்குற கோன்ல ஹேர் டை ரசாயனம் இருக்க வாய்ப்பு அதிகம், அது கொப்புளமாக்கிடும்.

அன்னைக்கு: முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டு, ஒரு பத்து நிமிஷம் உறிஞ்ச விடுங்க. அப்புறம் ப்ரைமர். ஹோமப் புகையும் வியர்வையும் இருக்கும், அதனால மெல்லிசா அடுக்கடுக்கா போடச் சொல்லுங்க. துடைக்காம ஒத்தி எடுங்க.

அவ கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. நெத்தியில ஸ்டிக்கர் இல்ல, டெஸ்ட் பண்ணிப் பார்த்த ஐலைனர்ல வரைஞ்ச பொட்டு. கம்பெனியில இப்போ தையல் செக்ஷனுக்கு மாத்திக் கேட்டு வாங்கிட்டா. விரல் ஆறிடுச்சு. வெளிர் புள்ளி பாதி மறைஞ்சிருக்கு, மீதி இருக்கு. அவ கவலைப்படல.

உங்க கையிலயோ, காது கம்மல் பக்கத்துலயோ, வாட்ச் கட்டற இடத்துலயோ ரொம்ப நாளா ஏதாவது அரிச்சிட்டிருக்கா? புது க்ரீம் வாங்கறதுக்கு முன்னாடி அதைப் போய்க் காட்டுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வர்றேன்!