குடி நின்ற பிறகு

குடியை விட்ட ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார். மறுநாள் முதல் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? இதைப் பற்றிச் சிறிது நேரம் உங்களோடு பேச விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். என் தமையனார் குடிநோயாளியாக இருந்தவர் என்பது ஒன்றே இதைப் பேச எனக்குள்ள உரிமை. அவருடைய சம்மதத்தைப் பெற்றுக்கொண்டே வந்திருக்கிறேன்.

மதுவைப் பற்றிய பேச்சுக்கு நம் நாட்டில் குறைவில்லை. 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1948-இல் மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-இல் விலகியது, பின் மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 2003 முதல் சில்லறைக் கடைகளை அரசு நிறுவனமே நடத்தி வருகிறது. கடையைத் திறப்பதா, மூடுவதா என்று நாம் வாதாடியதில் நூற்றில் ஒரு பங்குகூட, கடையிலிருந்து மீண்டு வந்த மனிதனைப் பற்றிப் பேசியதில்லை.

எங்கள் வீட்டிலும் முதலில் நடந்தது ரகசிய வைத்தியம்தான். 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று யாரோ தந்த பொடியை என் தாயார் ரசத்தில் கலந்தார். அதில் என்ன இருந்தது என்பதை நாங்கள் அறியோம். டைசல்ஃபிரம் என்றொரு மருந்து உண்டு. 1940-களின் பிற்பகுதியில் டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அதன் குணத்தைக் கண்டறிந்தனர். அதை உண்டவர் மதுவைத் தொட்டால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். சிலருக்கு உயிருக்கே தீங்கு நேரும். ஆகவே நோயாளி அறிந்து, இசைந்து, டாக்டரின் மேற்பார்வையில் உண்ண வேண்டிய மருந்து அது. பொடி விஷயம் ஒருநாள் வெளிப்பட்டது. அண்ணா கோபிக்கவில்லை. "இனி இந்த வீட்டில் நான் எதை நம்பிச் சாப்பிடுவது?" என்று மட்டும் கேட்டார். குடித்துக்கொண்டிருந்த மனிதர் கேட்ட கேள்விதான். ஆனாலும் எங்களிடம் விடையில்லை.

அறையில் பூட்டி வைத்தால் குடி தானே நின்றுவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. இதுவும் பெருந்தவறு. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். அதற்கடுத்த நாட்களில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், அறிவு கலங்கும். தக்க மருத்துவம் இல்லையேல் உயிரும் போகலாம். அண்ணாவை மருத்துவமனையில் சேர்த்தோம், பிழைத்தார்.

திரும்பி வந்தபோது அவருக்கு வயது 42. நாங்களோ அவரைப் பத்து வயதுப் பிள்ளையாக நடத்தினோம். சம்பளத்தை அண்ணி வாங்கிக்கொண்டார். அவர் குடித்து வைத்த காபி டம்ளரை அம்மா எடுத்து முகர்ந்து பார்ப்பார். அவருடைய பையைச் சோதிப்பது என் வேலை. ஓரிரவு 9 மணியாகியும் அவர் வரவில்லை. நான் மதுக்கடை வாசலில் போய் ஒரு மணி நேரம் காத்து நின்றேன். வீடு திரும்பினால், அண்ணா திண்ணையில் உட்கார்ந்து மகளின் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். "இந்நேரம் எங்கேடா போயிருந்தாய்?" என்றார். என்ன சொல்வது?

அண்ணியின் துன்பம் வேறு வகையானது. "15 வருஷம் நான் அழுதபோது கேட்காதவர், முன்பின் தெரியாத நாலு பேர் சொன்னதும் கேட்டுவிட்டாரே!" என்று ஒருநாள் வெடித்தார். நன்றி கெட்ட பேச்சென்று நான் நினைத்தேன். பிற்பாடுதான் லோயிஸ் வில்சன் என்ற அமெரிக்க மாதின் கதையை அறிந்தேன். அவருடைய கணவர் பில் வில்சன், 1935-இல் டாக்டர் பாப் ஸ்மித்துடன் சேர்ந்து, குடியை விட முயல்வோர் ஒருவரையொருவர் தாங்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' சங்கத்தைத் தொடங்கியவர். கணவர் குடியை விட்ட பின், கூட்டத்துக்குப் போகலாம் வா என்று அழைத்தபோது, லோயிஸ் காலணியை எடுத்து எறிந்தாராம்! பல்லாண்டு தாம் பாடுபட்டும் முடியாததை அந்நியர் முடித்துவிட்டனரே என்ற மனப்புண். அந்தப் புண்ணை அவர் மறைக்கவில்லை. 1951-இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 'அல்-அனான்' என்ற அமைப்பைத் தோழி ஒருவருடன் சேர்ந்து நிறுவினார்.

நம் சென்னையிலும், குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் டி.டி. ரங்கநாதன் பெயரால் ஒரு மருத்துவ அமைப்பை ஏற்படுத்தினார். குடும்பத்தாருக்கும் சிகிச்சையில் இடமுண்டு என்பது அங்கே கொள்கை. அவர்களே 1989-இல் குடவாசலை அடுத்த மஞ்சக்குடியில் முகாம் நடத்தினர். நோயாளி ஊரைவிட்டுப் போகவில்லை. மருத்துவம் ஊருக்கு வந்தது. குடித்தபோது பார்த்த அதே ஊர் மீண்டதையும் பார்த்தது. இதன் அருமை கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளங்கும்.

அண்ணியும் குடும்பத்தார் கூட்டம் ஒன்றுக்குப் போகத் தொடங்கினார். எட்டாம் மாதம், உறவுக்காரர் கலியாணத்தில், அண்ணா மறுபடி குடித்துவிட்டார். முன்பெல்லாம் இப்படி நேர்ந்தால் மறுநாள் காலையில் அண்ணி அலுவலகத்துக்குத் தொலைபேசியில், "அவருக்குக் காய்ச்சல்" என்பார். இம்முறை சொல்லவில்லை. கூச்சலும் போடவில்லை. தொலைபேசியை அண்ணாவின் கையில் கொடுத்து, "டாக்டரிடம் நீங்களே பேசுங்கள். நான் கூட வருகிறேன்" என்றார். அண்ணா வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பேசினார்.

இது நடந்து 6 வருஷமாகிறது. பீரோ சாவி இப்போது பழையபடி ஆணியில் தொங்குகிறது, யாரும் எடுக்கலாம். நான் பையைத் தொடுவதில்லை. அம்மாவுக்கு மட்டும் டம்ளரை முகரும் பழக்கம் போகவில்லை. அண்ணா அதைப் பார்த்துவிட்டால், "இன்னொரு தரம் பாரம்மா, சரியாகப் பார்த்தாயோ என்னவோ" என்று டம்ளரை அவர் பக்கமாக நகர்த்தி வைப்பார்.