அறைச் சாவி யாரிடம்?

(பங்கு யூபிலி விழாவின் இளைஞர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இளைஞர் நலன் பற்றிப் பேசும்படி பணித்துள்ளீர்கள். முதலில் என் குற்றத்தை அறிக்கையிட்டுவிடுகிறேன். நான் பங்குப் பேரவைச் செயலாளனாக இருந்த காலத்தில், இளைஞர் அறையின் சாவி என் சட்டைப்பையிலேயே இருக்கும். மாலை 7 மணிக்கு நானே பூட்டுவேன். கேரம் பலகை பத்திரமாக இருந்தது, ஆடத்தான் ஆளில்லை. "இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி குறைந்துவிட்டது" என்று பேரவையில் முறையிட்டவனும் நானே. ஒருநாள் ஒரு தம்பி கேட்டான்: "சார், நாங்க வேலை முடிஞ்சு வரவே ஒன்பது மணி ஆகுது. அப்புறம் இந்த ரூம் யாருக்கு?"

நம் புதுச்சேரி மில் சங்கு ஒலிக்கு விழித்த ஊர். வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டுப் போராடிய மில் தொழிலாளருள் 12 பேர் 1936 ஜூலை 30-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டனர். அதன்பின் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஏ.எஃப்.டி. மில்லும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. இன்று நம் பிள்ளைகள் துணிக்கடையிலும் ஓட்டலிலும் நிற்கிறார்கள்; உணவுப் பொட்டலம் சுமந்து வண்டியில் அலைகிறார்கள். எட்டு மணி நேரம் எங்கே என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேட்கத் தெரிந்த குருவானவர் ஒருவர் பெல்ஜியத்தில் இருந்தார். பெயர் ஜோசப் கார்டைன். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவரை, ஆலைக்குப் போய்விட்ட பள்ளித் தோழர்கள் அந்நியராகவே பார்த்தார்களாம். அந்த வேதனை அவரை விடவில்லை. 1912-இல் லாக்கன் என்னும் பங்கில், தையல் வேலை செய்த பெண்பிள்ளைகளைக் கூட்டி, அவர்கள் வாழ்க்கையைப் பற்றி அவர்களையே பேசவிட்டார். 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருவாயிற்று. பார், சீர்தூக்கு, செயல்படு என்ற அவரது வழியை 1961-இல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் தம் சுற்றுமடலிலேயே எடுத்துரைத்தார். கார்டைன் 1965-இல் கர்தினாலும் ஆனார்.

அந்தத் தம்பியிடம் சாவியைக் கொடுத்தேன். மனமுவந்து அல்ல, பங்குத்தந்தை சொன்னதால். சனி இரவு ஒன்பதரைக்குக் கூடினார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்நேரம் ஒத்துவராது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களே ஞாயிறு பூசைக்குப் பிந்திய நேரத்தைக் கேட்டு வாங்கினர். மூன்றாம் மாதம் சாராயக்கடையைப் பற்றி ஒரு தெரு நாடகம் எழுதினார்கள். "ஊர் மானம் போகும்" என்றனர் சிலர். நானும் தயங்கினேன். தெருமுனையில் நாடகம் நடந்தபோது முன்வரிசையில் தாய்மார் அழுதுகொண்டிருந்தார்கள். நடித்தவர்களில் இருவர் இன்னும் குடியை விடவில்லை, அதை மறைப்பானேன்? ஆனால் அவர்கள் குடித்துவிட்டுத் தனியே கிடப்பதில்லை. தேடிப்போய் வீட்டில் சேர்க்கத் தோழர்கள் இருக்கிறார்கள்.

இளைஞர் நாளைய திருச்சபை மட்டுமல்ல, இன்றே கடவுளுடையவர்கள் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் எழுதினார். நாமோ அவர்களைத் தேர் இழுக்கவும், குடில் கட்டவும், நாற்காலி அடுக்கவும் மட்டுமே கூப்பிடுகிறோம்.

யூபிலி நினைவாக மண்டபம் கட்டப் பேச்சு நடப்பதாக அறிகிறேன். கட்டுங்கள், என் காணிக்கையும் உண்டு. ஆனால் இளைஞர் பணிக்கு ஒதுக்கும் தொகைக்கான கணக்குப் புத்தகம் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். பேரவை விரும்பினால் மாதம் ஒருமுறை அதைப் பார்த்துக் கையெழுத்திட நான் வருகிறேன், இரவு ஒன்பதரைக்கு.