கூத்தும் ஓலையும் நம்ம பிள்ளைகளும்
(தோட்ட மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



திருகோணமலைக்குப் போய் வந்த விஷயத்தைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டோம். துறைமுகம், கோணேசர் கோயில், இராவணன் வெட்டு எல்லாம் பார்த்தோம். அதை நீங்களும் ஒருநாள் போய்ப் பார்த்துக்கலாம். இன்றைக்கு ஒன்றாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் கைவேலையைப் பற்றிப் பேசுவோம்.

மூதூர், சம்பூர்ப் பக்கம் பனை மரம் உண்டு. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை எடுத்து, சாயத்தில் அவித்துப் பெட்டியும் பாயும் இழைக்கிறார்கள். ஆறு வயசுப் பிள்ளைக்குப் பெட்டி வராது. ஆறு ஓலையை நெடுக்கே வைத்து, குறுக்கே ஒன்றை மேலே கீழே, மேலே கீழே என்று விடச் சொன்னால் வரும். அதிலேயே எண்ணிக்கை வந்துவிடுகிறது, விரலும் பழகுகிறது. பென்சில் பிடிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது?

நம்ம மலையில பனைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பழைய கலண்டர் தாளை விரல் அகலத்துக்கு வெட்டினால் போதும். உர பேக்கைக் கிழித்துப் பிள்ளை கையில் கொடுக்கவே வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் நமக்கு அதில் நம்பிக்கை இல்லை. கவ்வாத்து மிலாறு அடுப்புக்கு மட்டுமா? நேரான குச்சியாகப் பார்த்து, செதில் இல்லாமல் சீவினால் கோலாட்டத்துக்கு ஆகும். சீவுவது பெரியவர்கள் வேலை.

கிழக்கில் கூத்து ஆடுவது வட்டக்களரியில். சனம் சுற்றிவர உட்கார்ந்து பார்க்கும். அண்ணாவியார் மத்தளம் அடிக்க, சல்லரி சேரும். வகுப்பிலும் தரையில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், பின்வாங்கு என்று ஒன்றே இருக்காது. கூச்சப்பட்டு வாய் திறக்காத பிள்ளையும் நாலு நாளில் உள்ளே வந்து நிற்கும்.

நமக்கும் மாசியில் காமன் கூத்து இருக்கிறதே! ரதி, மன்மதன் முடிகளை அட்டையில் பிள்ளைகளே செய்யட்டும். கதையைப் பாட்டிமார் வந்து சொல்லட்டும். 1977லும் 1983லும் கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு வன்னிக்கும் திருகோணமலைப் பக்கத்துக்கும் போன நம்ம சனம், சட்டி பானையை விட்டுவிட்டுப் போனது. பாட்டையும் கதையையும் யாராலும் பறிக்க முடியவில்லை.

"தாத்தன் தப்படிச்சது போதும் சார், என் புள்ளை படிக்கட்டும்" என்று ஒரு தகப்பன் சொன்னார். அவர் கோபம் நியாயமானது. தப்படித்தவனைத் தள்ளி நிறுத்தின ஊர்தானே இது. ஆனால் ஒன்று கேளுங்கள். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962ல் 'கர்ணன் போர்', பிறகு 'இராவணேசன்' என்று பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டே கூத்துப் போட்டார். இராவணேசனை எழுதி ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிறகு கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். ஆட்டம் அவர் படிப்பைக் கெடுக்கவில்லை. தப்பை ஒரு சாதியின் பிள்ளைக்கு மட்டும் கொடுக்காமல் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் மாறி மாறிக் கொடுக்கவேண்டும், அதில் நாங்கள் கண்டிப்பாக இருப்போம்.

புலமைப்பரிசில் வகுப்பு நேரத்தில் கை வைக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணித்தியாலம் போதும். வரும் ஞாயிறு ஆளுக்கு ஒரு பழைய கலண்டரும் இரண்டு மிலாறுக் குச்சியும் கொடுத்தனுப்புங்கள். தப்பு வைத்திருக்கிற பெரியவர்கள் யாராவது வந்தால், அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைப்போம்.